ஃபோர்ட் கொச்சி சமையல் வகுப்பு: காசு கொடுத்துச் சேரலாமா?

ஊர் சுற்றப் போன இடத்தில் அரை நாளை அடுப்படியில் கழிப்பது வெட்டி வேலை என்று நினைப்பவர்கள் இதைப் படிக்க வேண்டாம், நேராகச் சீனவலைப் பக்கம் போய் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஃபோர்ட் கொச்சியில் ஒரு வீட்டில் நடக்கும் சமையல் வகுப்பில் நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்தோம். ஆளுக்கு 1,800 ரூபாய். காலை பத்து மணிக்கு ஆரம்பித்துச் சாப்பாட்டோடு சேர்த்து இரண்டு மணி வாக்கில் முடிந்தது. கொடுத்த காசில் முக்கால்வாசி நிச்சயம் வசூலாகிவிட்டது, மீதிக் கால்வாசி எங்கே போச்சு என்பதையும் சொல்கிறேன்.

வீட்டின் பெயரைப் போடவில்லை. ஒரு குடும்பம் நடத்துகிற சின்ன ஏற்பாடு அது, நான் குறையும் சொல்லப் போகிறேன். அதோடு ஃபோர்ட் கொச்சியில் ஹோம்ஸ்டே நடத்துகிற வீடுகளில் பலர் சமையல் வகுப்பும் நடத்துகிறார்கள், எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே மெனுதான்: மீன் மோலி (தேங்காய்ப்பாலில் வேகிற மீன்குழம்பு), ஒரு தோரன் (தேங்காய் சேர்த்த பொரியல்), ஆப்பம், ஒரு காய்கறிக் குழம்பு. அதனால் நான் சொல்வதில் பெரும்பகுதி எந்த வீட்டுக்குப் போனாலும் பொருந்தும்.

முதலில் எல்லாரும் கேட்கிற கேள்வி. கடுகு தாளிக்கத் தெரிந்த, தேங்காய் துருவத் தெரிந்த, பிறந்ததிலிருந்து கறிவேப்பிலை வாசத்தில் வளர்ந்த நமக்கு இந்த வகுப்பு எதற்கு? நியாயமான கேள்விதான். இந்த வகுப்புகள் வெளிநாட்டுக்காரர்களை மனசில் வைத்து உண்டானவை, அது போனதும் தெரிந்துவிடும். முதல் கால் மணி நேரம் மஞ்சள்தூள் எது, சீரகம் எது, கடுகு வெடித்தால் தள்ளி நிற்க வேண்டும் என்றெல்லாம் பாடம் நடக்கிறது. என் வீட்டுக்காரர் இதற்குள் இரண்டு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். அந்தக் கால் மணி நேரத்தைப் பொறுத்துக்கொண்டால் அப்புறம் வருவது வேறு. நமக்குத் தெரிந்த அதே சாமான்களை, மலைக்கு அந்தப் பக்கம், வேறு வரிசையில், வேறு சூட்டில், வேறு கைப்பக்குவத்தில் எப்படிச் சேர்க்கிறார்கள் என்பதை நம் கையாலேயே செய்து பார்க்கலாம். வெளிநாட்டுக்காரருக்கு எல்லாமே புதுசாக இருப்பதால் எது முக்கியம் என்று அவருக்குப் பிடிபடாது. நமக்கு அந்தச் சின்ன வித்தியாசம்தான் உடனே கண்ணில் படும். அந்த வகையில் இந்த வகுப்பால் அதிகப் பலன் நமக்குத்தான் என்றுகூடச் சொல்வேன்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு, கை வேலை இருக்க வேண்டும். இதற்கு முன்னால் வேறொரு ஊரில் ஒரு பெரிய ஹோட்டலில் "சமையல் அனுபவம்" என்று ஒன்றுக்குப் போயிருந்தோம். உயரத் தொப்பி போட்ட ஒருவர், எல்லாம் நறுக்கிக் கிண்ணம் கிண்ணமாக வைத்திருந்ததை எடுத்து எடுத்து வாணலியில் போட்டார், நாங்கள் நாற்காலியில் உட்கார்ந்து கைதட்டினோம், கடைசியில் ஆளுக்கொரு ஏப்ரனும் சான்றிதழும் கொடுத்து அனுப்பினார்கள். அதை யூடியூபில் பார்த்திருந்தால் நிறுத்தி நிறுத்தியாவது பார்த்திருக்கலாம். சமையல் குறிப்புக்காக யாரும் இந்தக் காலத்தில் காசு கொடுக்க வேண்டியதில்லை, அது இலவசமாகக் கொட்டிக் கிடக்கிறது. கூட நின்று "இன்னும் கொஞ்சம் பிழி", "போதும், கையை எடு" என்று சொல்ல ஒரு ஆள் இருக்கிறாரே, அந்த ஆளுக்குத்தான் காசு.

சரி, முதலில் குறையை முடித்துவிடுகிறேன். விளம்பரத்தில் "மார்க்கெட் உலா" என்று போட்டிருந்தார்கள். மீன் எப்படிப் பார்த்து வாங்குவது, எந்தக் காய்க்கு எந்தப் பருவம் என்றெல்லாம் வகுப்பு நடத்துகிற வீட்டுக்கார அம்மா, சேச்சி என்றுதான் எல்லாரும் கூப்பிடுகிறோம், கூடவே வந்து சொல்லித் தருவார் என்று நினைத்திருந்தோம். நடந்தது என்னவென்றால், வீட்டுப் பையன் ஒருவன் எங்களை ஆட்டோவில் ஏற்றி மட்டாஞ்சேரியில் ஒரு மசாலாக் கடை வாசலில் இறக்கிவிட்டான். உள்ளே ஏசி, குட்டிக் குட்டிக் கூடைகளில் ஏலக்காய், ஜாதிபத்திரி, மிளகு, ஒவ்வொன்றையும் மூக்கில் பிடித்துக் காட்டுகிறார்கள், பிறகு "சின்ன பேக்கட்டா, பெரிய பேக்கட்டா" என்று கேட்கிறார்கள். மிளகு விலையைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் வாசலுக்குப் போய்விட்டார். இது எந்த மாதிரி ஏற்பாடு என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை, ஆட்டோ எங்கே நிற்கிறதோ அங்கே கமிஷன். மீனையோ காயையோ கண்ணால்கூடப் பார்க்கவில்லை, அதெல்லாம் காலையிலேயே வாங்கி வீட்டில் வைத்தாயிற்று. நான் சொன்ன கால்வாசி இங்கேதான் போச்சு. மார்க்கெட் உலா என்று போட்டிருந்தால் எந்த மார்க்கெட், யார் கூட வருகிறார்கள் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

ஒரு நல்லது நடந்தது. எங்களோடு வந்த புனே பெண் அந்தக் கடையில் பட்டை ஒரு பாக்கெட் வாங்கியிருந்தாள். சமையலறையில் சேச்சி அதை வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தன் டப்பாவிலிருந்து ஒரு குச்சியை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். கடையில் வாங்கியது தடியாக, ஒரே சுருளாக, உடைத்தால் மரச்சில் மாதிரி உடைவது. சேச்சியுடையது தாள் தாளாகப் பல அடுக்கு ஒன்றுக்குள் ஒன்று சுருண்டது, விரலால் நெரித்தாலே பொடியாகிறது, வாசமும் மெதுவாக இனிப்பாக வருகிறது. முதலாவது காசியா வகைப் பட்டை, இரண்டாவதுதான் உண்மையான இலவங்கப்பட்டை. முதலாவதும் சமையலுக்கு ஆகாதது இல்லை, பிரியாணிக்கு நாம் போடுவதே பெரும்பாலும் அதுதான். ஆனால் இரண்டாவதன் விலையைக் கொடுத்து முதலாவதை வாங்கக் கூடாது, அவ்வளவுதான்.

இப்போது சமையலறை. வீட்டுக்குப் பின்னால் தனியாக ஒரு கூடம், ஓட்டுக்கூரை, நீளமான கருங்கல் மேடை, நான்கு கேஸ் அடுப்பு. நாங்கள் மொத்தம் எட்டுப் பேர், இரண்டு பேருக்கு ஓர் அடுப்பு. இது சரியான கணக்கு. ஒரே அடுப்பைச் சுற்றி எட்டுப் பேர் நின்றால் ஆறு பேர் பார்வையாளர்கள். மின்விசிறி உண்டு, ஆனால் அடுப்பு எரியும்போது அதை அணைத்துவிடுவார்கள், அதனால் வேர்வை ஆறாகக் கொட்டும். பருத்திச் சட்டை போட்டுக்கொண்டு போங்கள், ஒரு துண்டும் கொண்டு போங்கள்.

சேச்சிக்கு அறுபது வயது இருக்கும். தமிழ் நன்றாகப் புரிகிறது, பதில் மட்டும் மலையாளத்தில் வரும், நடுநடுவே வெளிநாட்டுக்காரர்களுக்கு ஆங்கிலம். "நிங்ஙள் தமிழல்லே, தேங்காய் துருவ அறியாமல்லோ" (தமிழர்தானே, துருவத் தெரியுமே) என்று சொல்லிவிட்டு, எனக்கு நீட்டுவார் என்று பார்த்தால் என் வீட்டுக்காரரைத்தான் துருவல் மணையில் உட்கார வைத்தார். வீட்டில் அவர் தேங்காய் உடைப்பதோடு சரி. அரை மூடி துருவுவதற்குள் மனிதர் முழி பிதுங்கிவிட்டார், ஆனால் சேச்சி விடவில்லை. ஓட்டை ஒட்டின பழுப்பு நிறம் வராமல் வெள்ளையை மட்டும் எடுக்க வேண்டுமாம். பழுப்பு கலந்தால் பாலின் நிறம் மங்கும், மோலி வெளிர் மஞ்சளாக வராது. இது நமக்கும் தெரிந்ததுதான், அவசரத்தில் யார் பார்க்கிறோம்!

தேங்காய்ப்பால் எடுப்பதற்கு மட்டும் முக்கால் மணி நேரம் போனது, அந்த முக்கால் மணி நேரம்தான் இந்த வகுப்பின் உயிர். மிக்சியும் உண்டு, ஆனால் முதல் தடவை கையால் பிழியச் சொன்னார். துருவலில் வெதுவெதுப்பான தண்ணீர் கொஞ்சமே கொஞ்சம் தெளித்து, உள்ளங்கையால் அழுத்திப் பிசைந்து, துணியில் போட்டு முறுக்கிப் பிழிந்தால் வருவது முதல் பால். நான் தண்ணீர் விடப் போனதும் என் கையைப் பிடித்து "மதி மோளே" (போதும் மகளே) என்று நிறுத்திவிட்டார், கால் கப்பு கூட ஆகியிருக்காது. அதைத் தனியாக மூடி வைத்துவிட்டு, அதே சக்கையில் தாராளமாகத் தண்ணீர் விட்டு இரண்டாம் பால், பிறகு மூன்றாம் பால். நான் வீட்டில் இத்தனை வருஷமாக முதல் பாலென்று எடுத்துக்கொண்டிருந்தது இவர் கணக்கில் இரண்டாம் பாலுக்கும் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். முதல் பால் அவ்வளவு கெட்டியாக இருந்தால்தான் கடைசியில் ஊற்றும்போது குழம்பு தண்ணியாகாமல் உடனே உடம்பு பிடிக்கிறது. இட்லி மாவுப் பதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மீன் மோலி செய்முறை எல்லா இடத்திலும் கிடைக்கும், அதனால் முழுக்க எழுதப் போவதில்லை. வித்தியாசப்பட்ட இடங்களை மட்டும் சொல்கிறேன். மீன் வஞ்சிரம், அங்கே நெய்மீன் என்கிறார்கள். துண்டுகளில் மஞ்சள், உப்பு, மிளகுத்தூள், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு தடவிப் பத்து நிமிஷம் ஊறவிட்டு, தேங்காய் எண்ணெயில் இரண்டு பக்கமும் லேசாகப் புரட்டி எடுத்துவிடுகிறார்கள். சிவக்கக் கூடாது, மேல்தோல் மட்டும் இறுகினால் போதும், அப்போதுதான் பாலில் வேகும்போது உடையாது. வெங்காயம், இஞ்சி, பூண்டு, கீறின பச்சைமிளகாய் எல்லாம் வதங்க வேண்டும், நிறம் மாறக் கூடாது. நம் கை தானாகவே தீயைக் கூட்டப் போகும், பொன்னிறம் வரும்வரை வதக்கியே பழகின கை. சேச்சி வந்து குறைத்துவிட்டுப் போவார், நாம் மறுபடி கூட்டுவோம், மறுபடி வந்து குறைப்பார். அதன் பிறகு இரண்டாம் பாலை ஊற்றி, அது கொதித்த பிறகு மீனை வைத்து, கரண்டியே போடாமல் சட்டியின் இரண்டு காதையும் துணியால் பிடித்துச் சுழற்றி ஆட்ட வேண்டும்.

தக்காளி கடைசியில்தான், வட்டமாக நறுக்கி மேலே வைப்பதோடு சரி. நான் ஏன் என்று கேட்டேன். அங்கேதான் ஒரு நல்ல விளக்கம் கிடைத்தது. தேங்காய்ப்பால் என்பது தண்ணீரில் மிதக்கிற கொழுப்புத் துளிகள், அந்தத் துளிகள் ஒன்றோடொன்று சேராமல் பிடித்து வைத்திருப்பது தேங்காயின் புரதம். நன்றாகக் கொதித்தால் புரதம் பிடியை விட்டுவிடும், எண்ணெய் தனியாக, தண்ணீர் தனியாகத் திரிந்துவிடும். புளிப்பு சேர்ந்தால் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். அதனால்தான் தக்காளி கடைசி, அதற்கும் பிறகு அடுப்பைச் சிம்மில் வைத்து முதல் பால், ஓரத்தில் ஆவி கிளம்பும்போதே அணைத்துவிட வேண்டும், ஒரு கொதி கூட வரக் கூடாது. சேச்சி புரதம் கிரதம் என்றெல்லாம் சொல்லவில்லை, "திளச்சால் பிரிஞ்ஞு போகும்" என்பதோடு முடித்துக்கொண்டார். விளக்கம் சொன்னது அவருடைய மகள், காலேஜில் கெமிஸ்ட்ரி எடுக்கிறாராம், அன்று லீவு. எங்கள் பக்கத்து அடுப்பில் இருந்த ஜெர்மன் தம்பதி கொஞ்சம் தாமதித்து அணைத்தார்கள், அவர்களுடைய மோலி மேலே எண்ணெய் மிதந்து கீழே தயிர் மாதிரி ஆகிவிட்டது. சேச்சி அந்தச் சட்டியையும் எங்கள் சட்டியையும் பக்கத்தில் வைத்து எல்லாரையும் பார்க்கச் சொன்னார். அதைக் கண்ணால் பார்த்த பிறகு யாருக்கும் மறக்காது. வீடியோவில் யாராவது திரிந்த குழம்பைக் காட்டுவார்களா?

மிளகு பற்றி ஒரு வார்த்தை. மோலியில் காரத்துக்குப் பச்சைமிளகாய்தான் இருக்கிறது, ஆனாலும் மீனுக்கு மிளகுத்தூள் தடவாமல் விடுவதில்லை. மிளகாய் இந்த நாட்டுக்கு வந்ததே போர்த்துக்கீசியர்களோடுதான், அவர்கள் இங்கே கடல் தாண்டி வந்தது மிளகைத் தேடி. 1498-இல் கோழிக்கோட்டுப் பக்கம் வந்து இறங்கின வாஸ்கோ ட காமா 1524-இல் கொச்சியில்தான் செத்தார், முதலில் புதைத்தது இந்த வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் உள்ள புனித பிரான்சிஸ் தேவாலயத்தில். எலும்பைப் பிறகு போர்ச்சுகலுக்குக் கொண்டு போய்விட்டார்கள், மிளகாய் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. சாப்பாட்டுக்குப் பிறகு சும்மா நடந்து போய்ப் பார்த்துவிட்டு வரலாம், வெயில் தாழ்ந்த பிறகு.

அடுத்தது குடம்புளி போட்ட சிவப்பு மீன்குழம்பு, கோட்டயம் பக்கத்து முறை. இது வழக்கமான மெனுவில் கிடையாது. முந்தின நாள் போனில் பேசும்போது, "நாங்கள் தமிழ்நாட்டுக்காரர்கள், வீட்டில் தினமும் சமைக்கிறவர்கள், சாம்பார் கற்றுத் தர வேண்டாம்" என்று சொல்லியிருந்தேன். சேச்சி சிரித்துவிட்டு, காய்கறிக் குழம்பை எடுத்துவிட்டு இதைச் சேர்த்துக்கொண்டார். நீங்களும் இப்படிக் கேளுங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள், தனக்குப் பிடித்ததைச் சமைக்க ஒரு சாக்கு கிடைத்தால் அவர்களுக்கும் சந்தோஷம்தான்.

குடம்புளி கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்குப் புதுசில்லை, 1956 வரை அந்தப் பக்கம் திருவிதாங்கூரோடு இருந்ததுதானே, அவர்கள் வீட்டு மீன்குழம்பிலும் இது உண்டு. மற்றவர்களுக்கு: கறுப்பாக, சுருங்கி, பழைய தோல்செருப்புத் துண்டு போல இருக்கும், மோந்தால் புகை வாசம் அடிக்கும், ஏனென்றால் வெயிலிலும் புகையிலும் காய வைக்கிறார்கள். உடம்பு இளைக்கும் என்று சொல்லி கார்சினியா மாத்திரை விற்கிறார்களே, அது இந்தப் பழத்தோலின் சத்துதான். குழம்பில் போட்டுச் சாப்பிட்டு யாரும் இளைத்ததாகத் தெரியவில்லை, சோறு இரண்டு கை கூடப் போகும். வாங்கி வந்தால் கல் உப்பும் கொஞ்சம் தேங்காய் எண்ணெயும் பிசறி ஜாடியில் போட்டு வைக்கச் சொன்னார், நெடுநாள் கெடாது.

நம் புளியைக் கரைத்து வடிகட்டி ஊற்றுகிறோம், இதை அப்படிக் கரைக்க முடியாது. கழுவி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டு, துண்டும் தண்ணீருமாக அப்படியே குழம்பில் சேர்க்க வேண்டும். அது கொதிக்கக் கொதிக்கத்தான் புளிப்பை விடும், அதனால் கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை ருசி பார்த்துப் புளிப்பு ஏறிவிட்டால் துண்டை எடுத்துவிடலாம். இந்த வசதி நம் புளியில் இல்லை, ஊற்றினது ஊற்றினதுதான். மிளகாய்த்தூள், கொஞ்சம் மல்லித்தூள், மஞ்சள்தூள் மூன்றையும் முதலிலேயே தண்ணீரில் குழைத்துக்கொண்டு எண்ணெயில் போடுகிறார்கள், தூளாகப் போட்டால் கருகிவிடும். தேங்காய் கிடையாது, தக்காளி கிடையாது. மண்சட்டி. அடுப்பை அணைத்த பிறகும் அந்தச் சட்டி ரொம்ப நேரம் தளதளவென்று கொதித்துக்கொண்டே இருந்தது.

வகுப்பிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது இந்த இடம்தான். இந்தக் குழம்பு மறுநாள்தான் ருசி என்று எல்லாரும் சொல்வார்கள், நம் ஊர் மீன்குழம்புக்கும் அதையேதான் சொல்கிறோம். சேச்சி முந்தின நாள் ராத்திரியே ஒரு சட்டி வைத்திருந்தார். நாங்கள் செய்ததில் ஒரு கரண்டி, பழசில் ஒரு கரண்டி, இரண்டையும் ஆளுக்கொரு தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். புதுசில் குழம்பு தனியாகக் காரம், தனியாகப் புளிப்பு, மீனைப் பிட்டால் நடுவில் வெறும் மீன். பழசில் புளிப்பு மீனின் உள்ளே வரைக்கும் இறங்கியிருந்தது, காரம் மட்டுப்பட்டு, பூண்டெல்லாம் கரைந்து, வேறு குழம்பு போலவே இருந்தது. பக்கத்தில் வேக வைத்த மரச்சீனிக்கிழங்கு. அதுவும் போர்த்துக்கீசியர் வழியாக வந்த செடிதான், ஆனால் கேரளத்தில் வீட்டுக்கு வீடு சாப்பாடானது இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி வராமல் போன பஞ்சத்தில். இந்தக் குழம்பும் கிழங்கும் சாப்பிட்டுவிட்டு, சோறே வேண்டாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார், அவர் அப்படிச் சொல்கிற ஆள் இல்லை.

தோரன் சீக்கிரம் முடிந்தது. நாம் பொரியலுக்குக் கடைசியில் தேங்காய்த்துருவலைத் தூவி இறக்குகிறோம், அவர்கள் தேங்காய், சீரகம், பச்சைமிளகாய், மஞ்சள்தூள், ஒரு சின்ன வெங்காயம் எல்லாவற்றையும் அம்மியில் ஒன்றிரண்டாகத் தட்டி, காயின் நடுவில் குழி பறித்து வைத்து மூடி, ஆவியில் வேகவிட்டுப் பிறகு கிளறுகிறார்கள். அம்மியில் எல்லாரையும் ஒரு இழுப்பு இழுக்கச் சொன்னார். புனே பெண் தேங்காய் எண்ணெய் வாசம் தலைக்குத் தடவுவது போல இருக்கிறது என்று முதலில் முகம் சுளித்தாள், தோரனைச் சாப்பிடும்போது இன்னொரு தடவை வாங்கிக்கொண்டாள்.

ஆப்பத்தில்தான் ஏமாற்றம். மாவு முன்கூட்டியே அரைத்துப் புளித்துத் தயாராக இருந்தது. நியாயம்தான், ஆறேழு மணி நேரம் புளிக்க வேண்டிய மாவை நாலு மணி நேர வகுப்பில் என்ன செய்ய முடியும்? ஆனால் அரைக்கிற இடத்தைத்தான் நான் பார்க்க ஆசைப்பட்டேன். நம் ஆப்பமாவில் உளுந்தும் வெந்தயமும் உண்டு, அவர்களுடைய பாலப்பத்தில் அரிசி, தேங்காய், புளிக்க வைக்கக் கள்ளோ ஈஸ்டோ, அதோடு "கப்பி காய்ச்சுவது" என்று ஒரு வேலை இருக்கிறது, கொஞ்சம் மாவைக் கரகரப்பாக எடுத்துக் கூழாகக் கிளறி ஆற வைத்து மீதி மாவில் சேர்ப்பது. ஆப்பத்தின் நடு மெத்தென்று வருவதே அதனால்தான். அந்தக் கப்பியை மட்டுமாவது எங்கள் கண் முன்னால் காய்ச்சிக் காட்டியிருக்கலாம், பத்து நிமிஷ வேலை. வாயால் சொன்னார், தாளிலும் போட்டிருந்தது, ஆனால் கூழ் எந்தப் பதத்தில் நிற்க வேண்டும் என்பது சொல்லித் தெரிகிற சமாச்சாரமா? எங்களுக்குக் கிடைத்தது சட்டியைச் சுழற்றுகிற வேலை மட்டும். வெளிநாட்டுக்காரர்கள் அதில் ரொம்ப சந்தோஷப்பட்டார்கள், வீடியோ எடுத்தார்கள். ஆப்பச்சட்டி நம் வீட்டிலும் இருக்கிறதே.

கடைசியில் கொடுத்த செய்முறைத்தாள் ஆங்கிலத்தில், அச்சடித்தது. பெரிய உபயோகமில்லை. "தேங்காய்ப்பால் ஒரு கப்பு" என்று போட்டிருக்கிறது, எந்தப் பால் என்றே இல்லை, நாள் முழுக்க அவர் கத்தினதே அதைப் பற்றித்தான். நான் ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டேன், என் வீட்டுக்காரர் சேச்சியின் கையை மட்டும் போனில் படம் பிடித்தார். முகத்தைப் பிடிக்க வேண்டாம் என்றார், கையைப் பிடிக்க அனுமதி கொடுத்தார். அதுதான் இப்போது பயன்படுகிறது.

சுத்தம் நன்றாக இருந்தது. மீன் வெட்டின பலகையில் காய் நறுக்கவில்லை, கை கழுவச் சோப்பு, குடிக்கச் சீரகம் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீர். சாப்பாடு நாங்கள் சமைத்ததே, வாழையிலையில், மட்டை அரிசிச் சோற்றோடு. மட்டை அரிசி நிறையத் தண்ணீரில் வேக வைத்து வடிப்பது, பெரிய பெரிய பருக்கை, பழக்கமில்லாதவர்களுக்குக் கொஞ்சம் தடிப்பாகத் தெரியும். குழந்தைகளைக் கூட்டி வரலாம் என்கிறார்கள், ஆனால் நாலு அடுப்பும் அரிவாள்மணையும் திறந்து கிடக்கிற இடத்தில் சின்னப் பிள்ளைகள் வேண்டாம் என்பேன். பாத்திரம் கழுவுகிற வேலை நமக்கு இல்லை, ஒரு அக்கா பின்னாலேயே எடுத்து எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தார். யாருமே அவரை அறிமுகப்படுத்தவில்லை, அது எனக்கு உறுத்தியது. கிளம்பும்போது அவர் கையிலும் கொஞ்சம் கொடுத்துவிட்டு வாருங்கள்.

எப்போது போகலாம் என்றால், மீனுக்காகப் போவதானால் ஜூன் 10 முதல் ஜூலை 31 வரை கேரளத்தில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை, 52 நாள். நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, அங்கே மழைக்காலத்தில். அந்தச் சமயத்தில் நாட்டுப்படகு மீனும் காயல் மீனும் கிடைக்கும், ஆனால் வஞ்சிரம் மாதிரிப் பெரிய மீன் ஐஸில் வைத்ததாக இருக்கலாம், விலையும் ஏறும். அப்போது போனால் காயல் மீனான கரிமீனைக் கேளுங்கள். 2010-இல் கேரளம் தன் மாநில மீனாக அறிவித்தது அதைத்தான். இலையில் பொதிந்து சுடும் கரிமீன் பொள்ளிச்சது கற்றுக்கொண்டால் மோலியைவிட நல்ல வேலை. எர்ணாகுளத்தில் தங்குகிறவர்கள் காரில் பாலம் சுற்றி வர வேண்டாம், படகில் வாருங்கள், பத்து மணி வகுப்புக்குப் போக்குவரத்து நெரிசலில் மாட்டினால் தேங்காய்ப்பால் பாடம் போய்விடும்.

அதே வகுப்பு ஒரு முன்பதிவுத் தளத்தில் 2,600 ரூபாய் என்று போட்டிருந்தது, நேராகப் போன் செய்தால் 1,800. போனில் மூன்று விஷயம் கேட்டால் போதும்: எத்தனை பேருக்கு ஓர் அடுப்பு, தேங்காய்ப்பால் நாங்களே எடுப்போமா, ஆப்பமாவுக்குக் கப்பி எங்கள் முன்னால் காய்ச்சுவீர்களா. மூன்றாவதை நான் கேட்காமல் விட்டுவிட்டேன், நீங்கள் கேளுங்கள், முந்தின நாள் சாயங்காலமே வந்து அரை மணி நேரம் இருக்க முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள், பக்கத்திலேயே தங்கியிருந்தால் அது கஷ்டமில்லை. மீன் சாப்பிடாதவர்கள் அதையும் முந்தின நாளே சொல்லிவிட வேண்டும். அவியலும் காளன் என்கிற தயிர்க்குழம்பும் செய்து தருவார்கள், ஆனால் அன்று காலையில் போய் நின்றுகொண்டு சொன்னால் வீட்டில் இருக்கிற முட்டைக்கோஸில் இன்னொரு தோரன்தான் கிடைக்கும்.